அவை நம்மைப் படிக்கின்றன

அன்புள்ள யாழினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ‘இரண்டும் இரண்டும் எவ்வளவு’ என்று கேட்டால் உங்கள் நாய் கருப்பன் நான்கு தடவை குரைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அண்ணன் நம்ப மறுக்கிறான், நீங்களே சொல்லுங்கள் சித்தப்பா என்றும் கேட்டிருக்கிறாய். நீ பார்த்ததை நான் நம்புகிறேன். அவன் நான்கோடு நிறுத்தியது உண்மைதான். ஏன் நிறுத்தினான் என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். அதற்கு உனக்கு ஒரு குதிரையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜெர்மனியில், பெர்லின் நகரத்தில், வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்றொரு கணக்கு வாத்தியார் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஹான்ஸ் என்ற தன் குதிரைக்குக் கரும்பலகையும் மணிச்சட்டமும் வைத்து வருஷக்கணக்கில் பாடம் நடத்தினார். ஹான்ஸ் முன்னங்காலால் தரையில் தட்டிப் பதில் சொல்லும். கூட்டல், கழித்தல், பின்னம், இன்றைக்கு என்ன தேதி என்பது வரை எதைக் கேட்டாலும் சரியாகத் தட்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் அவர் காசு வாங்கியதில்லை. ஊரே திரண்டு வந்தது. 1904-ல் 13 பேர் கொண்ட ஒரு குழு வந்து சோதித்தது. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற இளைஞர் வந்தார். உளவியல் படித்தவர். அவர் செய்த சோதனைகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. வாத்தியார் குதிரையின் காதில் ஒரு எண்ணைச் சொல்வார். ஃபுங்ஸ்ட் இன்னொரு எண்ணைச் சொல்வார். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் கூட்டினால் என்ன வரும் என்பது அங்கே நிற்கிற மனிதர் யாருக்கும் தெரியாது. விடையைக் குதிரை மட்டும்தான் சொல்ல முடியும். ஹான்ஸால் சொல்ல முடியவில்லை. கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தால் சரியாகத் தட்டியது, தெரியாவிட்டால் தடுமாறியது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி கண்ணுக்கு மறைப்புக் கட்டினாலும் அதே கதிதான்.

அப்படியானால் அது எப்படி விடை கண்டுபிடித்தது? கேள்வி கேட்டதும் மனிதர்கள் குதிரையின் காலைப் பார்ப்பதற்காகத் தலையைக் கொஞ்சம் தாழ்த்துவார்கள். சரியான எண்ணிக்கை வந்ததும் மனதில் ஒரு நிம்மதி வரும். தலை தானாகத் துளி நிமிரும். பல சமயம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஹான்ஸ் அதைப் பார்த்துத்தான் காலை நிறுத்தியது. தலையை அசைத்தவருக்கே தான் அசைத்தது தெரியவில்லை. குழுவில் இருந்த 13 பேர் கண்ணிலும் அது படவில்லை. எல்லாவற்றையும் கண்டுபிடித்த பிறகும், அந்த அசைவை அடக்கிக்கொள்ள ஃபுங்ஸ்டாலேயே முடியவில்லை!

1907-ல் அவர் இதைப் புத்தகமாக எழுதினார். அன்றிலிருந்து பலர் இந்தக் கதையை, குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்வதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. ஒரு வாத்தியார் வருஷக்கணக்கில் ஒரு பாடம் நடத்துகிறார். மாணவனோ அந்தப் பாடத்தை விட்டுவிட்டு வாத்தியாரையே படித்துவிடுகிறான். இதைவிடக் கூர்மை என்ன வேண்டும்?

கருப்பனையும் நீ இப்படியே சோதித்துப் பார்க்கலாம். அண்ணன் வெளியே நிற்கட்டும், நீ கருப்பன் காதில் ஒரு எண் சொல். பிறகு நீ வெளியே போ, அண்ணன் ஒன்று சொல்லட்டும். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து விடை கேளுங்கள். கருப்பன் எத்தனை தடவை குரைக்கிறான் என்பதை நோட்டில் எழுதிக்கொள். ஒரு தடவை செய்துவிட்டு முடிவு கட்டாதே, பல நாள் செய். விடை தவறிப்போனால் அவனைத் திட்டாதே. அவன் கண் எங்கே போகிறது என்று கவனி. உன் முகத்திலா, கையிலா, பிஸ்கட் டப்பாவிலா?

வீட்டில் வளராத நாய்களும் நம்மைக் கவனித்தபடிதான் இருக்கின்றன. கொல்கத்தாவுக்கு அருகில் இருக்கும் ஐசர் என்ற அறிவியல் கல்வி நிலையத்தில் அனிந்திதா பத்ரா என்ற விஞ்ஞானியின் குழு தெருநாய்களை ஆராய்ந்து வருகிறது. ஒரு ஆய்வில், மூடிய இரண்டு கிண்ணங்களை வைத்து, முன்பின் தெரியாத ஒருவர் அதில் ஒன்றைக் கையால் காட்டுவார். பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை. மனிதரிடம் அவை பட்ட அடி எத்தனையோ! ஆனால் துணிந்து வந்தவற்றில் பெரும்பாலானவை கை காட்டிய கிண்ணத்துக்கே போயின. யாரும் அவற்றைப் பழக்கியதில்லை. இன்னொரு ஆய்வில், சின்னக் குட்டிகள் கை காட்டிய பக்கம் அப்படியே போயின. வளர்ந்த நாய்களோ, காட்டியவர் ஒரு தடவை ஏமாற்றினாரா இல்லையா என்று பார்த்து, அடுத்த தடவை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்தன.

காக்கை இன்னும் ஒரு படி மேலே. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும், 2006-ல், குகை மனிதன் முகமூடியைப் போட்டுக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்தார்கள். காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் சூழ்ந்துகொண்டு கரைந்து தீர்த்தன. வேறு முகமூடி போட்டு வந்தால் அப்படிக் கத்தவில்லை. சில வருஷங்கள் ஓடின. கத்துகிற காக்கைகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. பிடிபடாதவையும் கத்தின, பிறகு பிறந்த குஞ்சுகளும் கத்தின. மற்றவற்றையும் தாய் தந்தையையும் பார்த்து அந்த முகத்தைக் கற்றுக்கொண்டிருந்தன.

கடைசியாக யானை. மலையடிவாரத்து விவசாயிகளிடம் கேட்டால் நிறையச் சொல்வார்கள். மின்வேலி போட்டால், தும்பிக்கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு தந்தத்தால் கம்பியை அறுத்துவிடும். தந்தத்தில் மின்சாரம் எளிதில் பாயாது. மரத்தைத் தள்ளி வேலி மேல் சாய்த்து, அதைத் தாண்டிப் போகிற யானையும் உண்டு. அரிசி எங்கே இருக்கும் என்று தெரிந்துகொண்டு ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் தேடி வரும்.

யானை நம்மைப் படிப்பதுபோல நாமும் யானையைப் படிக்கலாம். அதற்கு, வால்பாறையில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சுற்றிலும் ஆனைமலைக் காடு, நடுவில் தேயிலைத் தோட்டம். ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக யானைகள் தோட்டம் வழியாகத்தான் நடக்க வேண்டும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் பல வருஷம் அவற்றின் பின்னால் நடந்து, எந்த வழியில் வருகின்றன, எங்கே நிற்கின்றன என்று குறித்துவைத்தார்கள். மனிதர்கள் இறந்த சம்பவங்களை எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலும் யானை அங்கே நிற்பது தெரியாமல் இருட்டிலோ பாதையிலோ எதிரே போய் மாட்டிக்கொண்டவர்கள்தான் இறந்தார்கள் என்று தெரிந்தது. அதனால் யானையைத் தடுக்கப் புதிதாக எதுவும் கட்டவில்லை. மக்களுக்குச் செய்தி சொன்னார்கள். உள்ளூர் கேபிள் டிவியில் அறிவித்தார்கள், போனுக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். முக்கியமான இடங்களில் உயரத்தில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். பக்கத்தில் யானை வந்திருந்தால், தோட்டத்துத் தொழிலாளர்களே தங்கள் செல்போனிலிருந்து கூப்பிட்டு அதை எரிய வைப்பார்கள். வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் விளக்கைப் பார்த்துவிட்டு வேறு வழியில் வீட்டுக்குப் போவார்கள். இதற்குப் பிறகு அங்கே உயிரிழப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது.

பரீட்சை முடிந்ததும் உன்னையும் அண்ணனையும் வால்பாறைக்குக் கூட்டிப்போக அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். வரும்போது கருப்பன் கணக்கை எழுதிய நோட்டையும் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
சித்தப்பா