கடைப் போர்டுக்குச் சட்டம் போடுமுன்

பண்டாரவளையில் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் சென்ற வாரம் தொலைபேசியில் பேசினார். "எங்கள் வர்த்தகர் சங்கம் கடைப் போர்டுகளுக்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவரப் போகிறது. நடைபாதையில் ஆள் நடக்க இடமில்லை. நீங்கள் கொஸ்லந்தையில் செய்ததாகக் கேள்விப்பட்டேன். எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டார். செய்தது உண்மைதான். ஆனால் முதல் தடவை பிழையாகச் செய்தோம். அந்தப் பிழையில் பெரிய பங்கு என்னுடையது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்குப் போகும் ஏ4 வீதியின் இரு பக்கமும்தான் எங்கள் கடைகள். தியலும நீர்வீழ்ச்சி பார்க்கப் போகும் வேன்களும், மரக்கறி லொறிகளும், மீரியபெத்த, பூனாகலைத் தோட்டப் பக்கமிருந்து சாமான் வாங்க வரும் மக்களும் இந்த ஒரே ரோட்டில்தான். ஒருவர் போர்டை ஓர் அடி முன்னே தள்ளினால், பக்கத்துக் கடைக்காரர் ஒன்றரை அடி தள்ளுவார். கடைசியில் யாருடைய போர்டும் தெரியாது. வளைவில் வரும் வாகனமும் தெரியாது. கட்டுப்பாடு தேவை என்பதில் சந்தேகமே இல்லை.

2018இல் சங்கக் கூட்டம் தீர்மானித்தது: சுவரிலிருந்து இரண்டு அடிக்கு மேல் எந்தப் போர்டும் வெளியே வரக்கூடாது; நடைபாதையில் போர்டு வைக்கக் கூடாது. அப்போது நான் செயலாளர். மறுநாள் காலையிலேயே டேப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். முதலில் போனது பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருந்த வடை, தேநீர்க் கடைக்கு. ஏன் அங்கே போனேன்? அவர் எதிர்த்துப் பேசமாட்டார் என்பதால்தான். அன்று அதை எனக்கு நானே ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் மீரியபெத்தக்காரர். 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவில் லயன் வீட்டை இழந்தவர். எங்கெங்கோ தங்கியிருந்து, பிறகு கடன் வாங்கி அந்தச் சிறு கடையைப் போட்டார். போர்டு என்று பெரிதாக ஒன்றுமில்லை. மகன் ஒட்டுப்பலகையில் பெயின்டால் எழுதியது. அதை நடைபாதையில் சாய்த்து வைத்திருந்தார். "இன்றைக்குள் எடுத்துவிடுங்கள்" என்றேன். "சரிங்க மொதலாளி" என்று அப்போதே எடுத்து உள்ளே வைத்தார்.

பத்து நாள் கழித்து என் கடைக்கு வந்தார். பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்கு உள்ளே கடை இருப்பதே தெரியவில்லை, வடை மிஞ்சிப்போகிறது என்றார். பிறகு மெதுவாக, "தெரிஞ்சிக்கத்தான் கேக்குறேன் மொதலாளி. ஒங்க லைட் போர்டு எத்தன அடிங்க?" என்றார்.

அது ஒரு தொலைபேசிக் கம்பெனி இலவசமாகப் பொருத்திக் கொடுத்த போர்டு. எனக்கு அது கண்ணில் படுவதே இல்லை. அன்று கடை மூடியபின் ஏணி வைத்து அளந்தேன். மூன்று அடி எட்டு அங்குலம்.

அன்றிரவு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. மீரியபெத்த ஆபத்தான இடம், மக்களை அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மலை சரியும்வரை லயன்களில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற வேண்டிய எச்சரிக்கை ஒன்பது வருடம் கடதாசியில் கிடந்தது. ஒரு பலகைத் துண்டை எடுக்கச் சொல்லும் கட்டளை மட்டும் ஒரே நாளில் நிறைவேறியது. நிறைவேற்றியது நான்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலருக்குக் கோபம் வந்தது. நிர்வாகக் குழுவிலேயே பலருடைய போர்டுகள் இரண்டு அடியைத் தாண்டியிருந்தன. கடைசியில், எல்லாக் கடைகளையும் ஒரே நாளில், ஒரே டேப்பால், இரண்டு பேர் சேர்ந்து அளப்பது என்று முடிவானது. அளந்ததைக் கொப்பியில் எழுதி, கடைக்காரரிடமே கையெழுத்து வாங்கினோம். அந்தக் கொப்பி யாரும் பார்க்கக்கூடியதாக இருந்தது. இந்த ஒரு வேலையே பாதிப் பிரச்சினையைத் தீர்த்தது. அடுத்தவருடைய அளவு தெரிந்தபின் "என்னை மட்டும் ஏன்?" என்று யாராலும் கேட்க முடியவில்லை. முதலில் இறங்கிய போர்டு என்னுடையது. மற்றவர்களுக்குப் பதினான்கு நாள் தவணை, எழுத்தில்.

கூட்டத்தில் இன்னொரு யோசனையும் வந்தது. பெயர்ப்பலகைக்கு ஓர் அளவு, கம்பெனி விளம்பரத்துக்கு ஓர் அளவு, அரசியல் போர்டுக்கு ஓர் அளவு என்று பிரிக்கலாமாம். நான் எதிர்த்தேன். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் கில்பர்ட் என்ற நகரம் இப்படித்தான் பிரித்தது. அரசியல் போர்டு 32 சதுர அடி வரை இருக்கலாம். கருத்துச் சொல்லும் போர்டு 20 சதுர அடி. ஒரு கூட்டத்துக்கு வழிகாட்டும் போர்டு என்றால் 6 சதுர அடிதான். அதையும் கூட்டத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு முன் வைத்து, முடிந்து ஒரு மணித்தியாலத்தில் எடுத்துவிட வேண்டும். சொந்தக் கட்டடம் இல்லாத ஒரு சிறிய தேவாலயத்தாருக்கு இது இடைஞ்சலானது. வழக்குப் போட்டார்கள். 2015 ஜூனில் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்த்துத்தான் எந்த விதி பொருந்தும் என்று சொல்ல முடியும் என்றால், அந்த விதியில் கோளாறு இருக்கிறது. நமது ஊர்களில் மொழி, கட்சி, இனம் என்று எத்தனை இருக்கிறது! நீளம், அகலம், சுவரிலிருந்து எவ்வளவு தூரம், இதை மட்டும் பாருங்கள். தேர்தல் சுவரொட்டிகளுக்குத் தேர்தல் சட்டம் தனியாக இருக்கிறது. அதைப் பொலிசார் பார்த்துக்கொள்வார்கள்.

சங்கங்கள் மறந்துவிடும் ஒரு விஷயம்: நமது தீர்மானம் நாட்டுச் சட்டம் அல்ல. ஒரு கடைக்காரர் மறுத்தால் அவருடைய போர்டைக் கழற்ற நமக்கு அதிகாரமில்லை. கை வைத்தால் பொலிஸ் முறைப்பாடு நமக்கு எதிராகத்தான் போகும். ஏ தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், ஊருக்குள் உள்ளூராட்சி சபைக்கும்தான் எழுத வேண்டும். எங்களுக்கு அது ஹல்துமுல்லை பிரதேச சபை. எழுதும்போது ஒருவரை மட்டும் குறிப்பிடாமல், அளவு மீறியவர்கள் எல்லோருடைய பட்டியலையும் அனுப்புங்கள்.

சபையே ஆள் பார்த்து நடந்தால்? அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. அரச நிறுவனம் அதை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அந்தச் செலவுக்கு நம்மால் முடியுமா என்பது வேறு கதை. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடுவது இலகு. பதுளையிலும் அதன் அலுவலகம் உண்டு.

வடைக் கடைக்காரரின் போர்டு இப்போது அவர் கடைச் சுவரிலேயே, பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியும் உயரத்தில் இருக்கிறது. ஆணி அடிக்க நானும் ஏணியைப் பிடித்தேன். அந்தப் பத்து நாள் நட்டத்துக்கு ஏதாவது தரட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டார். என் கடைக்கு வந்து சாமான் வாங்க அவருக்குப் பிறகும் பல மாதம் பிடித்தது. ஒரு கடைக்காரர் இன்றுவரை போர்டை இறக்கவில்லை. அவருடைய பெயர் கொப்பியில் மற்றவர்களுடைய பெயரைப் போலவே, அதே எழுத்தில் இருக்கிறது. சபைக்கு இரண்டு கடிதம் போயிருக்கிறது, மூன்றாவதும் போகும்.

பண்டாரவளைச் சகோதரருக்கு எங்கள் அறிவித்தலின் பிரதியைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு அடி என்பது எங்கள் வீதிக்குச் சரி. உங்கள் நடைபாதையை அளந்து பார்த்து, அந்த இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.