சூட்டு வலியா, வேறு வலியா?

கருவுற்ற பெண் ஒருத்தி, "அடிவயிறு லேசாக இழுக்கிறது" என்று சொன்னால், எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வரும் மறுமொழி ஒன்றுதான்: "அது சூட்டு வலி, சீரகத் தண்ணீர் குடி, அடங்கிவிடும்." பல வேளைகளில் அடங்கியும் விடுகிறது. ஆனால் பல வலிகளை ஒரே பெயரால் அழைப்பதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. விலங்கியல் மாணவி என்ற முறையில் அதனை இங்கே விளக்க முற்படுகிறேன்.

முதலில் இயல்பான வலிகளைக் காண்போம். கருவுறாத நிலையில் கருப்பை ஒரு சிறிய பேரிக்காய் அளவே இருக்கும். எடை ஏறத்தாழ 70 கிராம். பேறுகாலம் நெருங்கும்போது, குழந்தையை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும், கருப்பை மட்டும் சுமார் 1 கிலோ எடைக்கு வளர்ந்துவிடுகிறது. அதற்கு ஈடுகொடுத்து, அதை இருபுறமும் தாங்கும் கயிறு போன்ற தசைநார்களும் நீள்கின்றன. ஆகவேதான் நான்காம் மாதத்திற்குப் பின், சட்டென எழும்போதும் புரண்டு படுக்கும்போதும் தொடை இடுக்கருகே 'சுருக்'கென்று இழுக்கிறது. சற்று ஓய்வெடுத்தால் நீங்கிவிடும்.

இரண்டாவது, புரோஜெஸ்ட்ரான் என்னும் ஹார்மோன் குடலின் அசைவை மந்தப்படுத்துவதால் உண்டாகும் வாயுவும் மலச்சிக்கலும்.

மூன்றாவது, கருப்பை அவ்வப்போது இறுகித் தளர்வது. இதனை 1872-இல் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இது ஒழுங்கின்றி வரும். ஓய்வெடுத்தாலோ தண்ணீர் குடித்தாலோ அடங்கும். பாட்டிமார் சொல்லும் சூட்டு வலி பெரும்பாலும் இதுதான்.

அடங்காத வலிகளோ வேறு. தொடக்க மாதங்களில் ஒரு பக்கமாகக் கடும் வலியும் மயக்கமும் வந்தால், கரு கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. பிந்தைய மாதங்களில் வயிறு பலகைபோல் இறுகித் தளராமல் வலித்தால், நஞ்சு முன்னதாகவே பிரியத் தொடங்கியிருக்கலாம். அப்போது வயிற்றை நீவிவிட்டுக் காலம் கடத்துவது பெருந்தவறு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தெருப் பெண்கள் பரிசோதனை அட்டையை நீட்டி, "என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு பாப்பா" என்பார்கள். என் சித்தி ஏழாம் மாதத்தில் ஓர் இரவு முழுவதும் வலியைப் பொறுத்துக்கொண்டார். "சூட்டு வலிக்கெல்லாமா ஆஸ்பத்திரி என்று சிரிப்பார்களே" என்ற கூச்சம்! விடிந்தபின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்ததில், சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. மருந்தில் குணமானார். கவனியாது விட்டிருந்தால் அதுவே குறைமாதப் பேற்றுக்கு வழிவகுத்திருக்கக்கூடும்.

வலி இன்னதென்று தீர்ப்புச் சொல்ல என் படிப்பு போதாது. ஆனால் சில கேள்விகள் கேட்க அது போதும். உதிரமோ நீரோ கசிகிறதா? காய்ச்சலோ நீர்க்கடுப்போ உண்டா? தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்து மேல்வயிறு வலிக்கிறதா? குழந்தையின் அசைவு குறைந்துவிட்டதா? 37 வாரம் நிறையுமுன் வலி விட்டுவிட்டு ஒழுங்காக வருகிறதா? ஓய்வெடுத்தும் தணியாமல் கூடுகிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நள்ளிரவானாலும் 108-ஐ அழைக்கலாம்.

தோழர்களே, தோழியரே! சீரகத் தண்ணீரைப் பழிக்க வேண்டாம். அது அடுப்பில் கொதிக்கும் நேரத்திற்குள் இந்தக் கேள்விகளையும் கேட்டுவிடுவோம். நம் வீட்டுப் பெண்கள் கூச்சத்தால் வலியை மறைக்காதிருக்கச் செய்வதும் நம் படிப்பின் பயன்களுள் ஒன்றன்றோ!