மனு தள்ளுபடியானால் மறுநாளே கோர்ட்டா?

தேர்தல் தேதி வந்துவிட்டால் போச்சம்பள்ளி சந்தையில் புளி விலை, ஆட்டு விலையோடு வேட்புமனுச் சட்டமும் அடிபடும். கேட்க சுவாரசியமாகத்தான் இருக்கும். பாதி தவறு.

நம்பிக்கை: மனுவைத் தள்ளினால் உடனே உயர்நீதிமன்றத்தில் தடை வாங்கிவிடலாம்.

உண்மை: முடியாது. இதைத் தீர்த்துவைத்ததே நம் பழைய சேலம் மாவட்டத்து வழக்குதான். அன்று போச்சம்பள்ளியும் அதே மாவட்டம். 1951 நவம்பரில் நாமக்கல் தொகுதியில் என்.பி. பொன்னுசாமியின் மனு பரிசீலனையில் தள்ளப்பட்டது. வேட்பாளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்க உத்தரவிடுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார், பலிக்கவில்லை. உச்ச நீதிமன்றத்தின் ஆறு நீதிபதிகள் 1952 ஜனவரி 21 அன்று மேல்முறையீட்டையும் தள்ளினார்கள். அறிவிக்கை முதல் முடிவு வரை நடப்பது எல்லாமே தேர்தல். நடுவில் நீதிமன்றம் புகாது. குறையிருந்தால் முடிவுக்குப் பிறகு தேர்தல் வழக்குப் போடலாம் என்றார்கள். அரசியலமைப்பின் 329(பி) பிரிவுக்கு இன்றும் அதுதான் பொருள். தள்ளப்பட்ட ஒவ்வொருவரும் தடை வாங்கத் தொடங்கினால் வாக்குப்பதிவு என்றைக்கு நடக்கும்?

சட்டமன்றத் தேர்தல் என்றால் முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர்நீதிமன்றம். பஞ்சாயத்துத் தேர்தல் என்றால் மாவட்ட நீதிமன்றம், அதாவது கிருஷ்ணகிரி.

நம்பிக்கை: எல்லாம் முடிந்தபின் வழக்குப் போட்டு என்ன பயன்?

உண்மை: மனுவைத் தவறாகத் தள்ளியது நிரூபணமானால், அவர் எத்தனை ஓட்டு வாங்கியிருப்பார் என்று நீதிமன்றம் கேட்காது. வென்றவரின் தேர்தலே செல்லாது. ஆனால் தள்ளப்பட்டவருக்கு அந்த இடம் கிடைத்துவிடாது. அவர் மறுபடி போட்டியிட்டுத்தான் ஆகவேண்டும்.

இந்தச் சலிப்பில் நியாயமும் உண்டு. தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ராதாபுரத்தில் 2016இல் 49 ஓட்டில் தோற்ற அப்பாவு தொடுத்த வழக்கில், மறு எண்ணிக்கைக்கு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதே 2019 அக்டோபரில்தான். எண்ணிய முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் 2021 தேர்தலே வந்துவிட்டது. விதியில் பிழையில்லை, இந்த ஆமை வேகத்துக்குத்தான் சாக்கு கிடையாது.

நம்பிக்கை: மேல்முறையீடு செய்துவிட்டால் தண்டனை பெற்றவரும் நிற்கலாம்.

உண்மை: முடியாது. இதை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் சொல்வதுதான் வேடிக்கை. 1991இல் பர்கூரில் வென்று முதல்வரான ஜெயலலிதா, 2001இல் கிருஷ்ணகிரி உட்பட நான்கு தொகுதிகளில் மனு போட்டார். ஏப்ரல் 24 அன்று நான்கும் தள்ளுபடி: மூன்று, டான்சி நில ஊழல் வழக்குத் தண்டனைகளுக்காக; நான்காவது, இரண்டு தொகுதிக்கு மேல் மனு போட்டதற்காக. கட்சி வென்றது, மே 14 அன்று முதல்வராகப் பதவியேற்றார். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலும் தகுதியிழப்பு நீங்காது என்று கூறி, செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தைச் செல்லாதென்றது. டிசம்பரில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்த பிறகே, 2002 ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் நிற்க முடிந்தது.

சுயேச்சையாக நிற்க எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. சட்டமன்றத்துக்கு முன்மொழிய பத்துப் பேர் வேண்டும். 2017இல் ஆர்.கே. நகரில் நடிகர் விஷாலின் மனு, முன்மொழிந்த இருவர் அது தங்கள் கையெழுத்தில்லை என்றதில் கவிழ்ந்தது. பரிசீலனை நாளில் நேரில் இருங்கள். ஆட்சேபம் வந்தால் பதிலுக்கு அவகாசம் கேளுங்கள். தள்ளினால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.