கடல் பார்க்கக் கிளம்பும் கரிசல்காட்டுத் தம்பிகளுக்கு

மல்லாங்கிணற்றிலிருந்து அருப்புக்கோட்டை, பெருநாழி, சாயல்குடி என்று போனால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் கடல் வந்துவிடும். மூக்கையூர், மாரியூர், வாலிநோக்கம், கொஞ்சம் தள்ளி வேம்பார். இராமேஸ்வரம், திருச்செந்தூர் மாதிரிக் கூட்டம் கிடையாது. லாட்ஜ் கிடையாது, சுண்டல்காரன்கூடக் கிடையாது. மணல், பனை, வள்ளங்கள், வலை பார்க்கிற மனுஷர்கள், அவ்வளவுதான். அந்த அமைதிக்காகத்தான் இப்போது நம் பையன்கள் தூண்டிலும் கையுமாக நாலைந்து பைக்கில் கிளம்புகிறார்கள். நான் அந்தக் கரையில் கருவாடு எடுத்து காரியாபட்டி, கல்குறிச்சிப் பக்கம் விற்றுப் பிழைத்தவன். கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

1. காற்று என்ன என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நாம் வானத்தை அண்ணாந்து பார்த்து மழை வருமா என்று கேட்டே வளர்ந்தவர்கள். கடலோரத்தில் மழையைவிடக் காற்றுதான் பெரிய விஷயம். வைகாசி பிறந்துவிட்டால் கச்சான் காற்று, அதாவது மேல்காற்று, எடுக்கும். ஆடியில் உச்சம். கடல் கலங்கி, அலை உயர்ந்து, கரையில் மணல் முகத்தில் அறையும். அந்த மாதங்களில் தூண்டில் போட்டால் பாசிதான் மாட்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வாடைக்காலம், கூடவே புயல் சின்னங்களும் வரும். இராமேஸ்வரத்துக்காரர்கள் வடகடல், தென்கடல் என்று பிரித்துச் சொல்வார்கள். வாடையில் வடகடல் கொந்தளிக்கும், கச்சானில் தென்கடல். நாம் போகிற மூக்கையூர்ப் பக்கம் மன்னார் வளைகுடா, தென்கடல். ஆகவே தை பாதியிலிருந்து பங்குனி முடிகிறவரை போவதுதான் உத்தமம். தண்ணீர் தெளிந்து கிடக்கும், வெயிலும் மண்டையைப் பிளக்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகள் அப்போதும் போகும். ஆனால் மீன் விலை ஏறிக் கிடக்கும்.

2. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்.

உங்களுக்கு லீவு அன்றைக்குத்தான், தெரியும். ஆனால் அந்தக் கரையில் பல ஊர்கள் கத்தோலிக்க ஊர்கள். ஞாயிறு பூசை நாள், கடலுக்குப் போக மாட்டார்கள். மீன் ஏலம் இருக்காது, வள்ளம் இறங்காது. குளித்துச் சட்டை மாற்றிக் கோயிலுக்குப் போகிற ஊருக்குள் நீங்கள் அரைக்கால் டவுசரோடு பைக்கை உறுமிக்கொண்டு நுழைவது நன்றாகவா இருக்கும்? சனிக்கிழமை அதிகாலைக்குள் போய்ச் சேருங்கள்.

3. பெண் எடுத்த வீட்டுக்குப் போகிற மாதிரிப் போங்கள்.

இதுதான் நான் சொல்லவந்ததில் முக்கியமானது. மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

கடற்கரை பொது இடம் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். அவர்களுக்கு அது களம். நம் களத்தில் மல்லி அடித்துக் காயப்போட்டிருக்கும்போது ஒருவன் செருப்போடு ஏறி நின்று செல்பி எடுத்தால் என்ன செய்வோம்? அங்கே வலை விரித்திருக்கும். செருப்போடு மிதிக்கக் கூடாது, தாண்டவும் கூடாது, சுற்றிப் போகவேண்டும். தங்கூசி வலை ஒரு கண் அறுந்தாலும் அதை உட்கார்ந்து பொத்துவது ஒருவருடைய அரைநாள் வேலை. வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்காதீர்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றுக்கும் கடலுக்கும் நடுவே போகாதீர்கள். இருபது பேர் இழுக்கிற கயிறு அது, காலில் சுற்றினால் தெரியும். வேடிக்கை பார்க்கிறவன் கை கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். கடைசியில் மடி கரைக்கு வரும்போது குனிந்து பார்க்கலாம்: காரலும் சாளையும் வெள்ளிக்காசு கொட்டியதுபோலத் துள்ளும், நடுவே இரண்டு நண்டு வலையைக் கவ்விக்கொண்டு விடாது, ஒரு சொறி, அதாவது ஜெல்லிமீன், கண்ணாடிக் கஞ்சி மாதிரி மணலில் பரவும். அதை யார் கையாலும் தொட மாட்டார்கள், நீங்களும் தொடாதீர்கள்.

ஊருக்குள் போனதும் முதலில் கண்ணில் படுகிற பெரியவரிடம், வலை பார்த்துக்கொண்டிருப்பவரிடம், "அண்ணே, நாங்க மல்லாங்கிணறு. தூண்டில் போடலாம்னு வந்தோம், எங்க உக்காரலாம்?" என்று கேட்டுவிடுங்கள். இந்த ஒரு வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு கையில் இருக்கிற ரூபாய்க்குக் கிடையாது. கூட ஒரு பொட்டலம் சேவு கொண்டுபோனால் இன்னும் நல்லது. படகு வைத்திருப்பவரைச் சம்மாட்டி என்பார்கள். அவர் ஒரு இடத்தைக் காட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஏன் என்று வாதாடக் கூடாது.

பெண்கள் மீன் தரம் பிரிப்பார்கள், கருவாடு புரட்டுவார்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். கடலோரக் காவல் போலீஸ் வந்து எந்த ஊர் என்று கேட்டால் முறைக்காதீர்கள். அடுத்த கரை இலங்கை, கேட்கத்தான் செய்வார்கள். ஆதார் கையில் இருக்கட்டும், ட்ரோன் வீட்டில் இருக்கட்டும்.

பாட்டிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொண்டுபோகிறவன் என்னிடம் வழி கேட்க வேண்டாம்.

4. கண்மாய்த் தூண்டில் கடலுக்கு ஆகாது.

கண்மாய் வற்றும்போது ஊத்தா போட்டும், கரையில் மண்புழு கோத்தும் நாம் பிடித்தது கெண்டை, குரவை, ஜிலேபி. அந்தச் சின்ன முள் உப்புத் தண்ணீரில் ஒரே நாளில் துருப்பிடிக்கும். தக்கை அலையில் நிற்காது. கடலுக்குத் தக்கை வேண்டாம், ஈயக்குண்டு வேண்டும். நரம்பின் நுனியில் குண்டு, அதற்கு ஒரு சாண் மேலே கிளைநரம்பில் முள். குண்டு மணலில் போய் உட்காரும், இரை அடித்தண்ணீரில் ஆடும்.

இரைக்கு மண்புழு, மைதா உருண்டை எல்லாம் எடுபடாது. ஏலத்தில் கழித்துப்போட்ட இறால், சாளைத் துண்டு, கணவாய்க் கீற்று, இவைதான். கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். மணல் கரையில் முதலில் கிடைப்பது கிழங்கான். விரல் தடிமனில் நீளமாக, பளபளவென்று இருக்கும். வாய் சின்னது, ஆகவே முள்ளும் சின்னதாக இருக்கவேண்டும். நரம்பைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளாதீர்கள். ஆட்காட்டி விரல் மேல் படுகிறமாதிரி வைத்துக்கொண்டாலே போதும். கிழங்கான் ஒரே இழுப்பில் கவ்வாது, தட்டித் தட்டிப் பார்க்கும். டொக், டொக் என்று இரண்டு தரம் விரலில் தெரியும். மூன்றாவதற்குச் சுண்டவேண்டும். பெரிய பாறை மீனோ திருக்கையோ இழுத்தால் தங்கூசி விரலைக் கத்தி மாதிரி அறுத்துவிடும். அதற்காகத்தான் சுற்றக் கூடாது என்கிறேன்.

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் மடவை உண்டு, ஊடகம் உண்டு, யோகம் இருந்தால் கொடுவா. விடிகாலையும் பொழுது சாய்கிற நேரமும், அதிலும் தண்ணீர் ஏறும்போது, இரை எடுக்கும். உச்சி வெயிலில் உட்கார்ந்திருப்பது பக்திக்கு ஆகும், மீனுக்கு ஆகாது.

அறுந்த நரம்பைக் கரையில் விட்டு வராதீர்கள். அது மக்காது. நாரை காலிலும் ஆமை கழுத்திலும் சுற்றும்.

5. தெரியாத மீனைக் கையால் பிடிக்காதீர்கள், வாயிலும் வைக்காதீர்கள்.

கண்மாய்க் கெளுத்தி குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று நமக்குத் தெரியும். கடல் கெளுத்தி அதற்கு அண்ணன். திருக்கைக்கு வாலில் முள், அதில் விஷம் உண்டு. ஆழமில்லாத தண்ணீரில் மணலுக்குள் புதைந்து படுத்திருக்கும். அதனால் தண்ணீருக்குள் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போய்விடும். ஓரா மீனுக்கு முதுகெல்லாம் முள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை மூழ்க வைத்திருக்கவேண்டும், வலி தணியும். அப்புறம் ஆஸ்பத்திரி. சொறி பட்டால் கடல்தண்ணீரால்தான் கழுவவேண்டும். நல்லதண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும்.

பேத்தை என்று ஒரு மீன், தூண்டிலில் மாட்டியதும் பலூன் மாதிரி ஊதிக்கொள்ளும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், தின்றால் உயிர் போகும். முள்ளைக் கழற்றிக் கடலில் விட்டுவிடுங்கள்.

6. கிணற்று நீச்சலை நம்பிக் கடலில் இறங்காதீர்கள்.

நம் பையன்கள் அறுபதடிக் கிணற்றில் தலைகீழாகக் குதிப்பவர்கள். அந்தத் தைரியம்தான் ஆபத்து. கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடலில் அலை கொண்டுவந்த தண்ணீர் எங்கேயாவது ஒரு வாய்க்கால் பிடித்துத் திரும்பிப் போகவேண்டும். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளை நுரையாக இருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், கலங்கலாகத் தெரிந்தால் அதுதான் அந்த வாய்க்கால். விவரம் தெரியாதவன் அமைதியாக இருக்கிறதென்று அங்கேதான் இறங்குவான். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு அலையோடு கரையேறுங்கள். ஊர்ப் பிள்ளைகள் குளிக்கிற இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

7. "ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கண்ணே" என்று கெஞ்சாதீர்கள்.

மீன்பிடி வள்ளம் மீன் பிடிக்க. 2014 பிப்ரவரியில் மணப்பாடு அருகே சுற்றுலா வந்தவர்களை ஏற்றிப்போன படகு கவிழ்ந்து பலர் செத்துப்போனார்கள். விபத்து என்றால் கூட்டிப்போனவருடைய தொழிலும் போய்விடும், அதையும் யோசியுங்கள்.

எதிரே தெரிகிற தீவுகளும் அப்படித்தான். தூத்துக்குடியிலிருந்து இராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவுகள், 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனவை. நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி மூன்றும் வேம்பார்த் தொகுப்பு. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைத்தால் வழக்கு. பவளப்பாறையை ஒருகாலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்றைக்குத் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. தடை சும்மா வரவில்லை.

படகுப் பயணம்தான் வேண்டும் என்றால் தொண்டிப் பக்கம் காரங்காட்டுக்குப் போங்கள். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையே படகு விடுகிறது, உயிர்காக்கும் சட்டையும் தருவார்கள்.

8. கரையில் கிடப்பதெல்லாம் நமக்கல்ல.

பவளத்துண்டு செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் எடுக்கக் கூடாது. கடல் குதிரை, கடல் அட்டை இரண்டையும் 2001-லேயே வன உயிரினச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், புலிக்குள்ள பாதுகாப்பு. யாராவது காய்ந்த கடல் குதிரையை மருந்து என்று ரகசியமாக நீட்டினால் நடையைக் கட்டுங்கள். தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமை முட்டையிட இரவில் கரையேறும். மணலில் டிராக்டர் போன மாதிரித் தடம் இருந்தால் அது ஆமைத் தடம். அதன்மேல் டார்ச் அடித்துக்கொண்டு பின்னாலேயே போகாதீர்கள், முட்டையிடாமல் திரும்பிவிடும்.

9. போகிற வழியையும் பாருங்கள்.

சாயல்குடிக்குப் பக்கத்தில் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய்கள் 1998 முதல் பறவைகள் சரணாலயம். முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-ல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறிவிட்டன. எல்லாமே நம் ஊர்க் கண்மாய் மாதிரிதான், அதே கருவேலம், அதே களிமண். மழை பெய்து தண்ணீர் நின்றால் கூழைக்கடாவும் நாரையும் வரும், வறண்டால் வெறும் பொட்டல். நம் கண்மாயை நாம் சீமைக்கருவேலத்துக்கு விட்டுவிட்டு அங்கே போய் வாயைப் பிளப்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

மாரியூரில் கடலை ஒட்டிப் பூவேந்தியநாதர் கோயில். சித்ரா பௌர்ணமித் திருவிழாவில் சிவன் மீனவராக வந்து சுறாவைப் பிடித்த வலைவீசும் படலத்தை நடத்திக் காட்டுவார்கள். கோடையில் போனால் சாயல்குடி ரோட்டில் பதநீர் குடியுங்கள், காலை வெயில் ஏறுவதற்குள்.

10. மீன் வாங்கும்போது.

செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, அழுத்தினால் குழி விழாமல் இருக்கவேண்டும். ஏலத்தில் தலையிடாதீர்கள், முடிந்த பிறகு எடுத்தவரிடம் கேளுங்கள். நம் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேசுகிற பேரத்தை அங்கே பேசாதீர்கள். தெர்மோகோல் பெட்டியில் அடியில் ஒரு வரிசை ஐஸ், மேலே மீன், மறுபடியும் ஐஸ். பெட்டியில் கீழே ஒரு ஓட்டை வேண்டும், உருகிய தண்ணீரில் மீன் ஊறினால் மல்லாங்கிணறு வருவதற்குள் குழைந்துவிடும். கருவாடு என்றால் என் தொழில்: உடைத்துப் பாருங்கள், வளைந்தால் சரியாகக் காயவில்லை. நாக்கில் வையுங்கள், மணல் நெருநெரு என்றால் வெறும் தரையில் காய்ந்தது.

11. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

குடிதண்ணீரையும் இங்கிருந்தே எடுத்துப் போங்கள். பக்கத்து நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையே கட்டவேண்டியிருந்த பூமி அது. திருச்சுழி வழியாக ஓடுகிற நம் குண்டாறு மூக்கையூர்ப் பக்கம்தான் கடலில் சேர்கிறது. ஆற்றில் வெள்ளம் வரும் வருஷங்களில் நாம் இங்கே எறிந்த பையும் பாட்டிலும் எப்படியும் அவர்கள் வலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கையிலும் கொண்டுபோய்ப் போட வேண்டியதில்லை.

12. கிளம்பும் முன் இரண்டு எண்ணைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள்.

கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. கடலில் யாராவது சிக்கிக்கொண்டால் கடலோரக் காவல்படை 1554. இரண்டுக்கும் காசு கிடையாது.