கப்பியா, கம்பூசியாவா? பார்த்து வாங்குவோம்!

வண்ணமீன் வளர்க்கும் நாம் தாய்மீன் வாங்கும்போது கவனமாக இருக்க வேண்டும். ஆண் கப்பி சின்னது, சுமார் 3 செ.மீ. வால் பல நிறத்தில் பளபளக்கும். பெண் பெரியது, பெரும்பாலும் சாம்பல் நிறம். இங்கேதான் குழப்பம். கொசுப்புழு ஒழிக்கக் கிணற்றில் விடும் கம்பூசியாவும் பெண் கப்பி மாதிரியே இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணாடி பாட்டிலில் விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். வாலிலும் முதுகுத் துடுப்பிலும் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது கம்பூசியா. வயிற்றுக் கறுப்பை மட்டும் நம்பாதீங்க. சினையானால் இரண்டுக்கும் அது உண்டு.

கம்பூசியா கலந்தால் மற்ற மீனின் வாலைக் கடிக்கும், குஞ்சையும் தின்னும். வால் கிழிந்த கப்பியை யார் வாங்குவாங்க? கடன் தவணை எப்படிக் கட்டுவது? எனவே, புதுமீனைத் தனித்தொட்டியில் விட்டுப் பார்த்த பிறகே சேர்ப்போம்!