கொற்கையிலிருந்து காற்றில் ஒரு வரி

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. செல்போன் டவரும் இண்டர்நெட்டும் இல்லாமல் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு எழுத்தை அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியும். பொழுதுபோக்காக ரேடியோ இயக்கும் ஹாம் ரேடியோக்காரர்கள் 1978லேயே கனடாவில் அதைச் செய்துவிட்டார்கள். அதற்குப் பாக்கெட் ரேடியோ என்று பெயர். தொடங்குவதற்கு உங்கள் வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பே போதும்.

உனக்கு இந்தக் கேள்வி ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் தூத்துக்குடிப் பக்கத்து ஜனங்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். ஏரலைச் சுற்றிய ஊர்கள் தண்ணீருக்கு நடுவே நின்றன. கரண்ட் போனது, போனும் போனது. அம்மா எங்கே, தாத்தாவுக்கு மாத்திரை இருக்கிறதா என்று வெளியூரில் இருந்தவர்கள் நாள்கணக்கில் தவித்தார்கள். அந்தத் தவிப்பிலிருந்து பிறந்த கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

போன் செத்த இடத்தில் ஹாம் ரேடியோ பேசியதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு, உலகத்து ஹாம்களோடு பேசுவதற்காக அந்தமானுக்குப் போயிருந்தது. 26ஆம் தேதி சுனாமி அடித்தது. போர்ட் பிளேரில் இருந்த அந்தக் குழு பொழுதுபோக்கை அப்படியே நிறுத்திவிட்டு, தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கடத்தும் வேலையில் இறங்கியது. ஒன்றைக் கவனி: அவர்களின் கருவியும் ஆன்டெனாவும் பழக்கமும் சுனாமிக்கு முன்பே தயாராக இருந்தன. அதனால்தான் அவர்களால் உதவ முடிந்தது.

அவர்கள் வாயால் பேசினார்கள். பேச்சுக்கு ஒரு குறை உண்டு. இரைச்சலுக்கு நடுவே நாற்பது பேரின் பெயரையும் வயதையும் மருந்தின் அளவையும் வாசித்தால், எதிர்முனையில் எழுதிக்கொள்பவர் பதினெட்டைப் பத்தொன்பது என்று எழுதிவிடலாம். பாக்கெட் ரேடியோ இந்தக் குறையைப் போக்குகிறது. செய்தியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் அனுப்புநர், பெறுநர் முகவரி எழுதி, கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் வைத்து அனுப்புகிறது. எதிர்முனைக் கம்ப்யூட்டர் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கும். எண் ஒத்துப்போனால் ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்பும். ஒத்துப்போகாவிட்டால் துண்டைத் தூக்கிப் போட்டுவிடும். பதில் வராத துண்டை அனுப்புநர் மறுபடி அனுப்புவார். இந்த ஏற்பாட்டுக்கு ஏ.எக்ஸ்.25 என்று பெயர். அதன் இரண்டாம் பதிப்பு 1984இல் வந்தது. பதில் கேட்காமல் எல்லோருக்கும் பொதுவாக அறிவிக்கும் முறையும் அதிலேயே இருக்கிறது.

கம்ப்யூட்டரின் எழுத்து எப்படிக் காற்றில் ஏறுகிறது? கம்ப்யூட்டருக்கு எல்லாமே 0, 1 தான். ரேடியோவுக்குச் சத்தம்தான் தெரியும். ஆகவே இரண்டு சுருதிகளை எடுத்துக்கொண்டார்கள்: ஒன்று 1200 ஹெர்ட்ஸ், மற்றொன்று 2200 ஹெர்ட்ஸ். 0 வந்தால் ஒரு சுருதியிலிருந்து மற்றதற்குத் தாவு. 1 வந்தால் இருக்கும் சுருதியிலேயே இரு. விநாடிக்கு 1200 முறை இந்த முடிவு நடக்கும். காதுக்கு அது ‘கிர்ர்’ என்ற சின்ன இரைச்சலாகக் கேட்கும். அந்த இரைச்சலுக்குள் ஒரு முழு வாக்கியம் இருக்கிறது.

‘ஏரல் பாலம் மூழ்கியது’ என்ற செய்தியை எடுத்துக்கொள். கம்ப்யூட்டர் தமிழைச் சேமிக்கும் யுனிகோடு முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் ஆகும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள். ஏரல் 4, பாலம் 5, மூழ்கியது 9. ஆக 18 குறிகள், 54 பைட். இரண்டு இடைவெளிகளுக்கு 2 பைட். மொத்தம் 56. முகவரிகள், சரிபார்ப்பு எண், தொடக்க முடிவு அடையாளங்கள் எல்லாம் சேர்ந்து இன்னொரு 20. ஆக 76 பைட், அதாவது 608 பிட். 1200ஆல் வகுத்துப் பார், அரை விநாடிதான். ரேடியோ அனுப்பும் நிலைக்கு மாறி நிதானப்பட மூன்றில் ஒரு பங்கு விநாடி விட்டாலும், ஒரு விநாடிக்குள் செய்தி போய்விடும். போட்டோவும் வீடியோவும் இந்த வேகத்தில் நடக்காது. ஒரு ஊரின் நிலவரத்தைச் சொல்ல இந்த வேகம் தாராளம்.

இனி நீ செய்ய வேண்டியதற்கு வருவோம். முதலில் ரேடியோவே வேண்டாம். டயர்வுல்ஃப் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், ராஸ்பெரி பை எல்லாவற்றிலும் ஓடும். முன்பு இந்த வேலைக்கென்று தனிப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. இன்று லேப்டாப்பின் சவுண்ட் கார்டைக்கொண்டே அந்த மென்பொருள் செய்துவிடுகிறது. அதோடு கூடவே ‘ஜென் பாக்கெட்ஸ்’ என்று ஒரு சிறு நிரல் வரும். நீ கொடுக்கும் வரியைப் பாக்கெட் சத்தமாக மாற்றி ஒலிக் கோப்பாக எழுதித் தரும். அந்தக் கோப்பைச் செல்போனில் ஏற்றி, லேப்டாப்பின் மைக் அருகே வைத்து ஓடவிடு. உன் வரி திரையில் எழுத்தாக வந்து நிற்கும். நடுவில் வயர் கிடையாது. உன் அறையின் காற்றுதான் பாதை.

வந்ததும் நிறுத்திவிடாதே. அதே நிரலில், துண்டுக்குத் துண்டு இரைச்சல் கூடிக்கொண்டே போகும்படி நூறு பாக்கெட்டுகளைச் செய்யலாம். அவற்றில் எத்தனை தேறுகின்றன என்று எண்ணு. செல்போனைத் தள்ளி வைத்து எண்ணு, மின்விசிறியைப் போட்டு எண்ணு. சத்தத்தை அதிகமாக வைத்தால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் அளவுக்கு மேல் போனால் அலையின் தலை வெட்டுப்பட்டு எழுத்து சிதையும். வரும் ஒலியின் அளவை டயர்வுல்ஃப் எண்ணாகவே காட்டும். 50ஐ ஒட்டி இருக்கும்படி வைத்துக்கொள். இந்தப் பழக்கம் பின்னால் நிஜ ரேடியோவில் உன்னைப் பல நாள் தலைவலியிலிருந்து காப்பாற்றும்.

அடுத்தது லைசென்ஸ். இதில் குறுக்குவழி தேடாதே. 12 வயது நிறைந்த யாரும் ஹாம் தேர்வு எழுதலாம். நீ ஒன்பதாம் வகுப்பு, தாராளமாக எழுதலாம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை இதை நடத்துகிறது. ‘சரல் சஞ்சார்’ தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு தரங்கள். ரெஸ்ட்ரிக்டட் தரத்துக்கு மோர்ஸ் தேர்வு இல்லை. எலக்ட்ரானிக்ஸ் அடிப்படையும் விதிமுறைகளும் தெரிந்தால் போதும். ஓம் விதி, அலைநீளம், மின்தேக்கி என்று உன் இயற்பியல் புத்தகத்தில் வருபவைதான் பாதி. எந்தத் தரத்துக்கு எந்த அலைவரிசை, எவ்வளவு பவர், டேட்டா அனுப்ப அனுமதி உண்டா என்பதை அன்றைக்கு நடப்பில் இருக்கும் விதிகளில் பார்த்துக்கொள்.

தேறினால் வி.யு. என்று தொடங்கும் கால்சைன் கிடைக்கும். நீ அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அது முகவரியாக ஏறும். ரகசியக் குறியீட்டில் எழுதக்கூடாது, வியாபாரச் செய்தி கூடாது. உன் வரியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற நினைப்போடுதான் எழுத வேண்டும். மீன்பிடிப் படகுகளும் கப்பல்களும் ஆபத்தில் கூப்பிடும் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது 16ஆம் சேனல், நமக்கு உரியதல்ல. நம் இடம் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். அந்த வேலியை மதிப்பது கடலுக்குப் போனவர்களின் உயிரை மதிப்பது.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு ரேடியோ வாங்கலாம்; அந்த 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் கையடக்கமான வி.எச்.எஃப். செட் ஒன்று போதும். லேப்டாப்பின் ஒலி செட்டின் மைக்குக்குப் போக வேண்டும். செட்டின் ஒலி லேப்டாப்பின் மைக்குக்கு வர வேண்டும். ‘இப்போது அனுப்பு’ என்று பட்டனை அழுத்தும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்ய வேண்டும். இந்த மூன்றையும் செய்ய யு.எஸ்.பி.யில் செருகும் சின்ன இன்டர்ஃபேஸ்கள் கிடைக்கின்றன. சாலிடரிங் பழகியிருந்தால் நீயே செய்துவிடலாம்.

பணத்தை விட உழைப்பை ஆன்டெனாவில் போடு. 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணான 145ஆல் வகுத்தால் அலைநீளம் சுமார் 2.07 மீட்டர். அதில் கால் பங்கை எடுத்து, உலோகக் கம்பிக்காக ஐந்து சதவீதம் குறைத்தால் 49 சென்டிமீட்டர். அந்த நீளத்தில் ஒரு கம்பியை நிமிர்த்தி நிறுத்து. அதன் அடியிலிருந்து நான்கு கம்பிகள் சாய்வாகக் கீழே இறங்கட்டும். செட்டோடு வரும் ரப்பர் குச்சிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளே தெரியும். நம் பக்கத்துக் காற்றில் உப்பு இருப்பதால், வெளியே இருக்கும் இணைப்புகளைத் தண்ணீர் புகாத டேப்பால் இறுக்கிச் சுற்று. மின்கம்பி பக்கம் ஆன்டெனாக் கம்பத்தைக் கொண்டுபோகவே கூடாது. இடி மின்னல் வருகிறது என்றால் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடு.

உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் ரேடியோவின் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். 10 மீட்டர் கம்பத்துக்கு 13 கிலோமீட்டர். எதிர்முனையிலும் 10 மீட்டர் இருந்தால் மொத்தம் 26. கொற்கையிலிருந்து நேர்கோட்டில் தூத்துக்குடி 20 கிலோமீட்டருக்குள்தான்; ஸ்ரீவைகுண்டமும் அப்படியே. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல்தான் பாண்டியரின் துறைமுகமாக இருந்த கொற்கையைக் கடலிலிருந்து பிரித்து உள்ளே தள்ளியது. அதே வண்டல்தான் நிலத்தை மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாக்கி, வெள்ளம் பரவ இடம் கொடுத்தது. அந்தத் தட்டை நிலம் ரேடியோ அலைக்கும் வழிவிடுகிறது. வாழைத்தோப்பும் வீடுகளும் கொஞ்சம் குறைத்தாலும், நல்ல கம்பம் ஒன்று இருந்தால் இந்த ஊர்களுக்கு நடுவே பாதை போட முடியும்.

பக்கத்தில் வேறு ஹாம் இல்லாத நாட்களில் வானத்தைக் கேள். பூமிக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டரில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம்களுக்கென்று ஒரு ரேடியோ இருக்கிறது. அது பாக்கெட் முறையில் இயங்கும் நாட்களில், தனக்கு வரும் துண்டுகளை 145.825 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்பும். நம் தலைக்கு மேல் அது நாளுக்குச் சில தடவை கடக்கும். நன்றாக உயர்ந்து போனால் பத்து நிமிடம் போல எட்டும். நம் தமிழ்நாட்டிலும் இதைப் போன்ற ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 2009 ஏப்ரல் 20இல் ஏவப்பட்ட அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் செயற்கைக்கோளின் முக்கிய வேலையே, ஓரிடத்தில் செய்தியை வாங்கி வைத்து இன்னோர் இடத்துக்கு மேல் போகும்போது கொடுப்பதாகத்தான் இருந்தது. அதைக் கட்டியவர்களில் மாணவர்களும் இருந்தார்கள்.

பலர் ஒரே அலைவரிசையில் வந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள். 1971இல் ஹவாய் பல்கலைக்கழகம் தன் தீவுகளிலிருந்த கம்ப்யூட்டர் வசதிகளை ரேடியோவால் இணைத்தது. நினைத்த நேரத்தில் எல்லோரும் அனுப்பினால் துண்டுகள் மோதிக்கொள்ளும். அந்த முறையில் பாதையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும் என்று கணக்கிலேயே கண்டார்கள். ஆகவே முதலில் கேட்டுவிட்டுப் பிறகு அனுப்பும் முறை வந்தது. மோதினால் ஆளுக்கொரு அளவு நேரம் காத்திருந்து திரும்ப அனுப்புவார்கள். இன்று உன் வீட்டு வைஃபையும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் மென்பொருள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது. ஒருவரையொருவர் கேட்க முடியாத இரண்டு பேர், நடுவில் இருக்கும் மூன்றாமவருக்கு ஒரே நேரத்தில் அனுப்பிவிடலாம். யார் எப்போது அனுப்புவது, எந்த ஊர் நடுவில் நின்று கடத்துவது என்பதை மனிதர்கள்தான் உட்கார்ந்து பேசி வைக்க வேண்டும்.

நான் உனக்குச் சொல்ல வந்ததும் அதுதான். பேரிடர் அன்று கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படிக்க நேரம் இருக்காது. பாட்டரி எத்தனை மணி தாங்கும், ஏரலுக்கு எந்தப் பவரில் பாக்கெட் தேறுகிறது, ஸ்ரீவைகுண்டத்தில் இரவு யார் பதில் கொடுப்பார் என்பதெல்லாம் வெயில் காலத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். மாதம் ஒரு நாள், கரண்ட்டை நிறுத்திவிட்டு, பாட்டரியில் மட்டும் பத்து வரிகளை ஊர் விட்டு ஊர் கடத்திப் பழகும் நான்கு பேர் போதும். மற்ற வழிகள் அடைபட்ட அன்று, அதிகாரிகளிடம் அந்த நான்கு பேரால் நிலவரத்தைச் சொல்ல முடியும். அந்த நால்வரில் ஒருத்தியாக நீ இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்த வாரம் டயர்வுல்ஃபை இறக்கு. ‘ஏரல் பாலம் மூழ்கியது’ என்ற வரியைச் சத்தமாக மாற்றி, செல்போனை ஓரடி, மூன்றடி, பத்தடி தூரத்தில் வைத்து, ஒவ்வொரு தூரத்துக்கும் இருபது தடவை ஓடவிட்டு, எத்தனை தேறின என்று பட்டியல் போடு. பட்டியலை எனக்கு அனுப்பு. எந்த இடத்தில் எண்ணிக்கை சட்டென்று விழுகிறது, ஏன் விழுகிறது என்று நீ நினைப்பதையும் கூடவே எழுது. அதை வைத்து அடுத்த கடிதத்தில் தேர்வுக்கான பாடத்தைத் தொடங்குவோம்.

அன்புடன்,
மாமா