மலைக்காபி தெரிந்த பிள்ளைக்கு ஏற்றுமதிப் படிப்பு எது?

பிளஸ் டூ முடிவு வந்ததும் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பெற்றோர்கள் பலர் இப்போது ஒரே கேள்வியோடு வருகிறார்கள். “இன்டர்நேஷனல் பிசினஸ்னு ஒரு பி.காம். இருக்காமே சார், அதுல சேர்த்தா பிள்ளைக்கு வெளிநாட்டு வியாபாரத்துல வேலை கிடைச்சிடுமா?” கிடைக்கும். ஆனால் சான்றிதழில் அந்தப் பெயர் இருப்பதால் மட்டும் கிடைக்காது. ஏதாவது ஒரு சரக்கை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், அந்தச் சரக்கு கடல் தாண்டுவதற்கான காகிதங்களைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் இருப்பவரைத் தேடி வேலை வரும். இதில் முதல் பாதி சேர்வராயன் மலைப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை யாரும் அவர்களிடம் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்தே ஏற்காடு உலகச் சந்தையோடு கட்டுண்ட ஊர். இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. இத்தாலி நெடுங்காலமாக முதன்மையான வாடிக்கையாளர். ஒண்டிக்கடை ரவுண்டானாவில் பேருந்துக்கு நிற்கும் மாணவரைக் கேட்டுப் பாருங்கள். பழத்தைத் தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்தால் பார்ச்மெண்ட், பழமாகவே காயவைத்தால் செர்ரி என்று சொல்லிவிடுவார். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியிலிருந்து மிளகை எப்போது பறிக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். சென்னையில் லட்சக்கணக்கில் கட்டி எம்.பி.ஏ. படிக்கும் மாணவர் இதையெல்லாம் வேலைக்குப் போன பிறகுதான் கற்றுக்கொள்வார்.

இந்த அறிவுக்கு மேல் கல்லூரி என்ன சேர்க்க வேண்டும்? ஒரு கணக்கைப் பாருங்கள். அராபிகா காபியின் உலக விலை நியூயார்க் ஐ.சி.இ. சந்தையில் ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று பேசப்படுகிறது. நம் விவசாயி 50 கிலோ மூட்டைக்கு இத்தனை ரூபாய் என்று பேசுகிறார். நியூயார்க்கில் விலை 300 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ 2.2046 பவுண்டு, ஆக ஒரு கிலோவுக்கு 6.61 டாலர், 50 கிலோவுக்கு சுமார் 330 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் மூட்டை 28,100 ரூபாய். நியூயார்க் விலை அசையாமல் நின்று, டாலர் மட்டும் 88 ரூபாயானால் அதே மூட்டை 29,100 ரூபாய். ரகத்துக்கும் தரத்துக்கும் ஏற்ற கூட்டல் கழித்தலும், க்யூரிங் ஆலைக் கூலியும், வண்டிச் செலவும் அதன்பிறகு வரும். 2025 பிப்ரவரியில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டிப் புதிய உச்சம் தொட்டது. பிரேசிலின் வறட்சி அதற்கு முக்கியமான காரணம். பிரேசிலில் மழை பொய்த்தால் ஏற்காட்டு மூட்டைக்கு ஏன் விலை ஏறுகிறது, டாலர் சரிந்தால் யாருக்கு லாபம், விலையை இன்றே பூட்டிவைக்க வழி உண்டா என்று வகுப்பில் எண்களோடு போட்டுப் பார்க்க வைக்கும் கல்லூரியே நல்ல கல்லூரி. ‘உலகமயமாதல்: நன்மை தீமைகள்’ என்று பத்து மதிப்பெண் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளும் கல்லூரியில் இன்டர்நேஷனல் பிசினஸ் என்ற பெயருக்காகக் கூடுதல் கட்டணம் கட்டாதீர்கள்.

இளநிலையில் அந்தப் பெயர் கட்டாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. சேலத்து அரசு கலைக் கல்லூரியிலோ, பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றிலோ சாதாரண பி.காம். அல்லது பொருளாதாரம் நன்றாகப் படித்த பிள்ளை எந்த இடத்திலும் பின்தங்கிவிடாது. கணக்குப்பதிவியல், ஜி.எஸ்.டி., ஒப்பந்தச் சட்டம் மூன்றும் கைவசம் இருந்தால் ஏற்றுமதிப் பாடத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பி.காம். இன்டர்நேஷனல் பிசினஸ்தான் வேண்டும் என்றால் பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோவை, திருப்பூர்ப் பக்கத்துக் கல்லூரிகளைப் பார்க்கலாம். அங்கே பாடம் உயர்வானது என்பதால் சொல்லவில்லை. வாசலைத் தாண்டினால் பனியன் கம்பெனி, ஃபார்வர்டர் அலுவலகம், கண்டெய்னர் டிப்போ. மூன்றாம் ஆண்டு மாணவர் மாலை நேரத்தில் ஒரு மெர்ச்சண்டைசருக்கு உதவியாக உட்கார்ந்தால் ஒரு பருவத்துப் பாடத்தை ஒரு மாதத்தில் பார்த்துவிடுவார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூரில் ஆர்டர்கள் எப்படி நின்றன, யார் விலையைக் குறைத்துப் பேசினார்கள், யார் வேறு நாட்டு வாடிக்கையாளரைத் தேடினார்கள் என்பதையெல்லாம் அங்கிருந்த மாணவர்கள் நேரில் கண்டார்கள். அப்படி ஒரு பாடத்தை எந்தப் புத்தகமும் அதே வேகத்தில் தராது.

கல்லூரியில் சேருமுன் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள். ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், பேக்கிங் லிஸ்ட், ஆரிஜின் சான்றிதழ் ஆகியவற்றை மாணவரே நிரப்பும் செய்முறைப் பாடம் இருக்கிறதா என்று பாருங்கள். சரக்கை வகைப்படுத்தும் ஹெச்.எஸ். எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தருகிறார்களா? காபிக்கு 0901, மிளகுக்கு 0904, உடனடிக் காபித்தூளுக்கு 2101. நம் நாட்டு எட்டு இலக்க முறையில் பிளாண்டேஷன் அராபிகா ஏ கிரேடுக்கு 0901 11 11 என்று தனி எண்ணே உண்டு. எண் மாறினால் வரி மாறும், சலுகை மாறும், சில நேரம் சரக்கே துறைமுகத்தில் நின்றுவிடும்.

அடுத்தது எல்.சி. என்கிற கடன் கடிதம். வங்கி மூட்டையைப் பிரித்துப் பார்க்காது, காகிதத்தை மட்டும் பார்க்கும். கடன் கடிதங்களுக்கான உலகளாவிய யு.சி.பி. 600 விதிகளின்படி ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிக்கு ஐந்து வங்கி வேலை நாட்கள் உண்டு. எல்.சி.யில் ஒரு விதமாகவும் இன்வாய்ஸில் இன்னொரு விதமாகவும் சரக்கின் விவரம் இருந்தால் பணம் நின்றுபோகும். விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளைப் பிரிக்கும் இன்கோடெர்ம்ஸ் 2020-இல் மொத்தம் 11 விதிகள், எஃப்.ஓ.பி. கொச்சி என்று எழுதினால் சரக்கு கப்பலில் ஏறியதும் இழப்புப் பொறுப்பு வாங்குபவர் தலையில் ஏறும். ஒரு 20 அடி கண்டெய்னரில் 60 கிலோ மூட்டைகள் 320, அதாவது சுமார் 19 டன் காபி போகும். அத்தனை பணமும் இந்தச் சில காகிதங்களை நம்பி நிற்கிறது. இவற்றைக் கற்றுத்தரும் ஆசிரியர் ஒருமுறையாவது ஏற்றுமதி அலுவலகத்திலோ வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவிலோ வேலை பார்த்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், கட்டணம் உங்களுடையது.

அறிவியல் படித்த மலைப் பிள்ளைகளுக்கு இன்னொரு பாதை இருக்கிறது. ஏற்காட்டில் பலருக்கும் அது தெரியாதது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. மத்திய அரசின் காபி வாரியம் ‘காபித் தர மேலாண்மை’யில் ஓராண்டு முதுநிலை டிப்ளமா நடத்துகிறது. தாவரவியல், வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம், வேளாண்மை போன்றவற்றில் பட்டம் பெற்றவர்கள் சேரலாம். படிப்பின் ஒரு பகுதி சிக்கமகளூர் மாவட்டம் பாலெஹொன்னூரில் உள்ள மத்திய காபி ஆராய்ச்சி நிலையத்தில், மீதி பெங்களூரில். கொட்டையின் தரம் பிரிப்பதும் வறுப்பதும், சுவைத்து மதிப்பெண் இடுவதும் அங்கே தொழிலாகக் கற்றுத்தரப்படுகின்றன. ஏற்றுமதி நிறுவனத்தில் தரம் பார்ப்பவர் ‘சரி’ என்று சொன்ன பிறகே விலை பேசப்படும். பி.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் பெண்கள் இந்த மலையில் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். பெங்களூரில் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தோட்டப்பயிர் மேலாண்மை நிறுவனமும் உண்டு. நிர்வாகத்தில் நாட்டம் உள்ளவர்கள் அதன் வேளாண் வணிகப் படிப்பைப் பார்க்கலாம்.

முதுநிலையில் இன்டர்நேஷனல் பிசினஸ் என்ற பெயருக்கே மதிப்புள்ள இடங்கள் சில உண்டு. தலையாயது 1963-இல் மத்திய அரசு தொடங்கிய இந்திய வெளிநாட்டு வர்த்தக நிறுவனம், அதாவது ஐ.ஐ.எஃப்.டி. டெல்லியில் தொடங்கி, கொல்கத்தாவுக்கும் காக்கிநாடாவுக்கும் விரிந்திருக்கிறது. முன்பு தனி நுழைவுத்தேர்வு வைத்தது. இப்போது கேட் (CAT) மதிப்பெண்ணைக் கொண்டே எம்.பி.ஏ.வுக்கு எடுக்கிறது. கட்டணம் இருபது லட்சத்தைத் தாண்டும் என்பதால் வங்கிக் கடன் கணக்கை முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கேட்டுக்கு இளநிலை இரண்டாம் ஆண்டிலிருந்தே தயாராவது நல்லது. பக்கத்தில் வேண்டுமென்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இன்டர்நேஷனல் பிசினஸுக்குத் தனித் துறை இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் செலவு பல மடங்கு குறைவு. கப்பல், துறைமுகம், சரக்குப் போக்குவரத்தில் ஆர்வமுள்ளவர்கள் 2008-இல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் சென்னை வளாகத்தைப் பார்க்கலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு இக்னோவின் சர்வதேச வணிகச் செயல்பாடுகளுக்கான முதுநிலை டிப்ளமா போதும்.

பட்டத்தைவிடக் குறைந்த செலவில் வாழ்நாள் முழுக்கச் சோறு போடும் தகுதி ஒன்று உண்டு. சுங்கத் தரகர் அலுவலகத்தை, தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறபடி சி.எச்.ஏ. அலுவலகத்தை, பெரும்பாலான மாணவர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அங்கே வேலை செய்பவர்களுக்கு எஃப், ஜி, ஹெச் என்று மூன்று அட்டைகள். தேர்வு எழுதாமல் தொடங்குபவருக்கு ஹெச். துறையின் தேர்வில் தேறியவருக்கு ஜி. தரகர் உரிமத்துக்கான பெரிய தேர்வில் தேறியவருக்கு எஃப். சேலத்து பி.காம். பட்டதாரி ஒருவர் தூத்துக்குடியிலோ கொச்சியிலோ ஹெச் அட்டையோடு நுழைந்து சில ஆண்டுகளில் ஜி அட்டை வாங்கிவிட்டால் வேலைக்கு அலைய வேண்டியதில்லை. முதல் இரண்டு ஆண்டு சம்பளம் குறைவாகவே இருக்கும், வேலை நேரம் நீளும். அதைத் தாங்கும் மனம் இருந்தால் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்தத் தொழிலுக்கு இல்லை.

‘ஒரே நாளில் ஏற்றுமதியாளர் ஆகுங்கள்’ என்ற விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண் வாங்க வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டினால் போதும். அந்த எண் வந்தால் ஆர்டர் வந்துவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காபி அனுப்புவதென்றால் காபி வாரியத்தில் ஏற்றுமதியாளராகத் தனியே பதிவு செய்ய வேண்டும்.

வெளிநாட்டில் இதே படிப்பைப் படிக்கப் போகிறவர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முகவர்கள் முதலில் நீட்டுவது பிரிட்டனின் ஓராண்டு எம்.எஸ்சி. இன்டர்நேஷனல் பிசினஸ். காரணம், அதில் இடம் எளிதில் கிடைக்கும். படிப்பு முடிந்து அங்கே தங்கி வேலை தேடும் காலம் இப்போது இரண்டு ஆண்டுகள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. நிலத்தை அடமானம் வைத்துப் போகும் பிள்ளை அதற்குள் வேலை பிடித்து, கடனையும் அடைக்க வேண்டும். பணி அனுபவம் இல்லாமல் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது என்பதே என் முடிவு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் வணிகப் பாடங்களில் போதுமான மதிப்பலகுகள் இளநிலையில் இருக்க வேண்டும், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும், ஓராண்டுச் செலவுக்கான தொகையை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். இரண்டு மூன்று ஆண்டு இங்கே வேலை பார்த்துவிட்டுப் போனால் அங்கே கிடைக்கும் வேலையும் வேறு மாதிரி இருக்கும்.

நம் மலைக்கே புதிய வேலை ஒன்று வந்துகொண்டிருக்கிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபியைத் தன் சந்தையில் விற்க விடுவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் இயற்றியது. நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிப்போனாலும் பெரிய வாங்குநர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு தோட்டத்தின் இருப்பிடத்தையும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு பதிவு செய்ய வேண்டும். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் மலைவாழ் விவசாயியின் நிலத்துக்கு நடந்துபோய், அவரிடம் அவர் பேச்சில் பேசி, பட்டாவைப் பார்த்து, அந்த விவரத்தை ஆங்கிலத்தில் பதிவேற்ற ஆள் வேண்டும். வர்த்தகச் சட்டம் படித்த ஏற்காட்டுப் பிள்ளையைவிட இதற்குப் பொருத்தமானவர் யார்?

மொழியைப் பொறுத்தவரை, பிழையில்லாமல் சுருக்கமாக ஓர் ஆங்கில மின்னஞ்சல் எழுதத் தெரிவதே முதல் தேவை. பிரெஞ்சோ ஜெர்மனோ அதன்பிறகு.

கடைசியாகச் செலவு. மலையாளி பழங்குடி மாணவர்கள் சேலம் மாவட்டத்தில் பட்டியல் பழங்குடியினர். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய நிறுவனங்களில் 7.5 சதவீத இடஒதுக்கீடும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். வெளிநாட்டில் முதுநிலை படிக்க மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் ஆண்டுக்கு இருபது பேருக்கு முழு உதவித்தொகை தருகிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் தந்தை பெயரும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று தேர்வு முடிவு வருமுன்பே இ-சேவை மையத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து மாறியதால் ஓராண்டு உதவித்தொகை நின்றுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.